கண்டக்டரம்மா குழாயைக் கழற்ற விடவில்லை

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண்டக்டரம்மா கண் விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில் ஏறியிருந்தது. முதல் டிரிப்பைக் கோட்டை விட்டோம், டெப்போவில் மெமோ தயாராக இருக்கும் என்று பதறி எழுந்திருக்கப் பார்த்தார். அடிவயிற்றுத் தையல் சுரீரென்று ஓர் இழுப்பு இழுத்துத் திரும்பப் படுக்க வைத்தது. அதற்குப் பிறகுதான் இது பெண்கள் வார்டு என்பதும், நேற்றுத் தன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதும், இன்னும் பல வாரங்களுக்கு எந்த டிரிப்பும் தன்னைத் தேடாது என்பதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. ராத்திரி முழுக்க அவர் ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போக எழுந்திருக்கவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கண்டக்டரம்மாவுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. கர்ப்பப்பையில் வளர்ந்த கட்டி சிறுநீர்ப்பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜன்னலோர சீட் பிடித்த பயணி போல நகர மாட்டேன் என்று ரொம்ப நாளாக அடம்பிடித்துக்கொண்டிருந்தது. படுத்தால் முட்டும், எழுந்தால் முட்டும், இருமினால் சொல்லவே வேண்டாம்.

கட்டி வருவதற்கு முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் போவது தூரத்து ரூட். வழியிலுள்ள பஸ் ஸ்டாண்டுகளில் பெண்களுக்கான கழிப்பறைகளின் ஜாதகம் முழுக்க அவருக்கு அத்துப்படி. ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றுக்கு எப்போதும் பூட்டு, சாவி டீக்கடைக்காரரிடம், டீக்கடைக்காரர் எப்போதும் வெளியூரில். மூன்றாவதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. அதனால் டியூட்டியில் தண்ணீரே குடிக்க மாட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் பாட்டில் மூடியில் ஊற்றி நனைத்துக்கொள்வார். தாங்கவே முடியாதபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இறங்கி ஓடுவார். உள்ளே போய் நின்ற மறுகணம் வெளியிலிருந்து டிரைவரின் குரல் வந்துவிடும். "அக்கா, நேரமாச்சு, வண்டி எடுக்கணும்." உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒன்றுக்குப் போனதெல்லாம் இந்தக் குரலின் விரட்டலில்தான்.

இப்போது போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். கட்டில் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் போர்வைக்குள் நுழைந்து மறைந்தது. பை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. தான் ஒரு விரலைக்கூட அசைக்காமல் இத்தனையும் நடந்திருக்கிறது.

"இத எப்ப வச்சாங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவள் அழகு நிலையம் வைத்திருப்பவள். அண்ணிக்குத் துணையாக இருப்பதற்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கடையைத்தான் பூட்டினாளே தவிர வாயைப் பூட்டவில்லை.

"உங்களுக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப்போனதுமே வச்சுட்டாங்களாம் அண்ணி. வலிக்குதா?"

"வலியா? இருக்கறதே தெரியலடி. தண்ணி குடு."

அண்ணி தண்ணீர் கேட்டு நாத்தனார் கேள்விப்பட்டதே இல்லை. பாட்டிலை நீட்டினாள். கண்டக்டரம்மா நிறுத்தாமல் குடித்தார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பாட்டில். பிறகு பால். பிறகு நாத்தனாரின் டீயில் பாதி. குடித்துவிட்டுப் பையை எட்டிப் பார்ப்பதும், அது ஏறுவதைக் கண்டு தலையை ஆட்டுவதுமாக இருந்தார்.

"எனக்குப் பதிலா வேலைக்கு ஆள் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

பையைக் காலி பண்ணும் வேலை நாத்தனாருடையது. இரண்டாவது தடவை காலி பண்ணிவிட்டு வந்தபோது அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

நர்ஸ் டிரேயோடு வந்தார். சின்ன வயதுதான், ஆனால் நடையில் ஒரு அதிகாரம் இருந்தது. "கண்டக்டரம்மா, குழாய எடுத்துடலாமா?"

"எதுக்கு?"

நர்ஸ் நின்றுவிட்டார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. எப்ப எடுப்பீங்க, இப்பவே எடுங்க, குத்துது, உறுத்துது, மானம் போகுது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பக்கத்துக் கட்டிலில் சிசேரியன் ஆகிப் படுத்திருந்த பெண், முதல் நாள் இதே குழாயை எடுக்கச் சொல்லி நர்ஸ் தென்பட்டபோதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டவள்.

"ஆபரேஷனுக்கு மறுநாள் காலைல எடுத்துடுவோம்மா."

"இருக்கட்டும் சிஸ்டர். அது பாட்டுக்கு இருக்கு. யாருக்கு என்ன தொந்தரவு?"

"எனக்கு" என்றாள் நாத்தனார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"இருக்க இருக்க கிருமி ஏறும். காய்ச்சல் வரும். அப்புறம் பையைக் காவல் காத்துக்கிட்டு எழுந்து நடக்கவும் மாட்டீங்க. முன்னெல்லாம் நாள்கணக்கா விட்டு வச்சிருந்தோம். இப்ப சீக்கிரம் எடுத்தாத்தான் சீக்கிரம் தேறுறாங்கன்னு எடுத்துடறோம்."

"நடுவழியில இறக்கி விடுறீங்களே, நியாயமா? நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்துவிட்டுத் தையலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சிரிக்க வைக்காதீங்க, பிச்சுக்கிட்டுப் போகுது."

"டியூட்டிக்கே இதோட போகலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன் சிஸ்டர். இந்தத் தோள்ல டிக்கெட் பை, அந்தப் பக்கம் இது. பைக்குப் பை."

நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டரம்மா எப்போதும் பாதி நடையிலேயே பேசுபவர்.

"என்னம்மா, குழாயை விடமாட்டேங்கறீங்களாமே?"

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருக்கறப்ப உங்களுக்கு முட்டினா என்ன பண்ணுவீங்க?"

டாக்டரம்மாவின் நடை நின்றது. அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் டிரேயைப் பார்த்தார்.

"அடக்கிக்குவேன்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

"நல்லாத் தெரியும். ஆனாலும் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எடுப்பது ஒரு நொடி வேலையாக இருந்தது. உள்ளே குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு குட்டிப் பலூன் இருக்கிறதாம், அதில் தண்ணீர் இருக்கிறதாம். நர்ஸ் ஊசியில்லாத சிரிஞ்சை மாட்டி அந்தத் தண்ணீரை இழுத்தார். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார். கண்டக்டரம்மா இழுத்த மூச்சை விடுவதற்குள் குழாய் வெளியே இருந்தது.

"அவ்வளவுதான். இனிமே நீங்களா போகணும். மதியச் சாப்பாட்டு வண்டி வர்றதுக்குள்ள போயிடுங்க. இந்த ஜாடியில பிடிச்சு எனக்கு அளவு காட்டணும். போகலைன்னா திரும்ப வச்சுடுவோம்."

நர்ஸ் நகர்ந்ததும் கண்டக்டரம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். போகவில்லை என்றால் திரும்ப வைப்பார்கள். போகாமலிருப்பதா கஷ்டம்? உலகத்தில் தனக்கு நன்றாக வருகிற வேலை ஒன்று உண்டென்றால் அது போகாமலிருப்பதுதான். மேடு பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், திடீர் பிரேக், எல்லாவற்றையும் தாண்டி அடக்கிக் காட்டியவர். இங்கே கட்டில்கூட ஆடவில்லை. கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார்.

நேரம் போனது. நாத்தனார் கேட்டபோதெல்லாம் "வரலியே" என்றார். முகத்தில் கவலையைக் காணோம். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழந்தையைத் தட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள். "அக்கா, நிஜமாவே வரலையா, இல்ல வேணும்னே போகாம இருக்கீங்களா?"

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. போகாம இருந்தா திரும்ப வச்சுடுவாங்கல்ல."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தினாள். "அக்கா, உங்களுக்கு மரத்துப்போனப்புறம் வச்சாங்க. எனக்கு முதுகுல ஊசி போடறதுக்கு முன்னாடியே வச்சாங்க. முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

"வலிக்குமோ?"

"என்னத்தச் சொல்ல. எங்க வீட்டுக்காரரு கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அவரு விரல் ரெண்டு இன்னும் மடங்கலியாம்."

கண்டக்டரம்மா மார்பின் மேலிருந்த கைகளை எடுத்தார். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "எங்கடி அந்த ஜாடி?" என்று நாத்தனாரிடம் கேட்டார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாத்தனாரின் தோளில் சாய்ந்து, வார்டுக் கோடியிலிருந்த குளியலறைக்கு நடந்தார். அதைப் போன்ற ஒரு கழிப்பறையை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. தாழ்ப்பாள் இருந்தது, அது விழவும் செய்தது. குழாயில் தண்ணீர் வந்தது. விளக்கு எரிந்தது. பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பிகூட இருந்தது. எஞ்சின் சத்தமில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. அவர் ஜாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

உட்கார்ந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

இப்போது நிஜமாகவே வரவில்லை. காலையிலிருந்து குடித்ததெல்லாம் அடிவயிற்றில் கல்லாக நிற்கிறது. வா என்றால் வரமாட்டேன் என்கிறது. வருஷக்கணக்கில் போகாதே போகாதே என்று மிரட்டி வளர்த்த உறுப்பு, இன்று போ என்றதும் நம்ப மறுத்தது.

"அண்ணி, ஆச்சா?"

"இல்ல."

நர்ஸ் வந்து கதவுக்கு வெளியிலிருந்து யோசனை சொன்னார். "குழாயத் திறந்து விடுங்க, தண்ணிச் சத்தம் கேட்டா வரும். வெதுவெதுன்னு தண்ணி எடுத்து ஊத்துங்க. முன்னாடி குனிஞ்சு உக்காருங்க." கண்டக்டரம்மா குழாயைத் திறந்தார். வெந்நீர் ஊற்றினார். குனிந்தார். தையல் வலித்ததுதான் மிச்சம்.

நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டு போனில் ஊருக்கெல்லாம் நிலவரம் சொல்ல ஆரம்பித்தாள். "இன்னும் இல்ல சித்தி. போனதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்." "ஆமா மாமா, முயற்சி பண்ணிக்கிட்டிருக்காங்க." உள்ளே உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மாவுக்கு, இந்த விஷயத்தைக் கொழுந்தனாரின் மாமனார் வரைக்கும் கொண்டுபோக வேண்டுமா என்று இருந்தது. கேட்கத் தெம்பில்லை.

அடுத்த போன் அவருடைய கணவரிடமிருந்து. அவர் பம்புசெட் மெக்கானிக். வேலை இடத்திலிருந்து பேசினார். நாத்தனார் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதவுப் பக்கம் பிடித்தாள்.

"ஏர் லாக்கா இருக்கும்" என்றார் கணவர். "மோட்டார் நல்லாத்தான் இருக்கும், லைன்ல காத்து நின்னுடும். மேல கொஞ்சம் தண்ணி ஊத்துனா இழுத்துக்கும்."

"மேலதான் அண்ணே விடிஞ்சதுலேர்ந்து ஊத்திக்கிட்டே இருக்காங்க."

"அப்ப அடியில ஃபுட் வால்வு அடைச்சிருக்கும்" என்றார் அவர், ரொம்ப யோசித்து.

"போன வைக்கச் சொல்லுடி" என்றார் கண்டக்டரம்மா உள்ளேயிருந்து.

வார்டே இதில் இறங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசல்வரை நடந்து வந்துவிட்டாள். அந்த வகையில் அவளுக்கு நடைப்பயிற்சி ஆனது. சாப்பாட்டு வண்டி எந்நேரமும் வரலாம். நர்ஸ் ஒரு புதுக் குழாயின் உறையைப் பிரிக்காமல் டிரேயில் எடுத்து வைத்துவிட்டார். அது நாத்தனாரின் கண்ணில் பட்டது. அவள் அதை உடனே கதவு வழியாக உள்ளே அறிவித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் வந்து சேர்ந்தார். யூனிஃபாரமோடு, கையில் ஒரு பழப் பையோடு, பெண்கள் வார்டில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். அடுத்த டிரிப்புக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்.

"அக்கா எங்க?"

"உள்ள. ஒண்ணுக்கு வரலை. காலைல குழாய எடுத்தாங்க, அதிலேர்ந்து..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். பலூனையும் சிரிஞ்சையும் ஜாடியையும் விடவில்லை. டிரைவரின் காது சிவந்தது. அவர் எத்தனையோ வளைவுகளைக் கண்ணிமைக்காமல் ஓட்டியவர். இங்கே கையிலிருந்த பழப் பைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தார்.

"சரிம்மா, சரிம்மா" என்றார். "அக்காகிட்ட வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க. கதவு பக்கத்துலதான் இருக்காங்க."

சொல்லாமல் போவது மரியாதையில்லை. டிரைவர் கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். அவருக்கு இருந்தது ஒரே குரல்தான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த குரல்.

"அக்கா, நேரமாச்சு, வண்டி எடுக்கணும்."

உள்ளே கண்டக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்வதற்கு முன்பே மற்றது நடந்துவிட்டது. யோசிக்கவோ குனியவோ அவகாசமில்லை. பழகிய குரலுக்குப் பழகிய உடம்பு கட்டுப்பட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மடை திறந்த மாதிரி. வெளியே நின்றவர்களுக்கு எல்லாமே கேட்டது. நாத்தனார் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வாயெடுக்காமல் நின்றாள். சத்தம் நிற்கிற வழியாக இல்லை.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "சிஸ்டர், இதவிடப் பெரிய ஜாடி இருக்கா?"

பக்கத்துக் கட்டில் பெண் ஒரு கையால் குழந்தையையும் இன்னொரு கையால் தையலையும் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். நர்ஸ் ஜாடியோடு ஓடினார். டிரைவர் மட்டும் விவரம் புரியாமல் பயந்து நின்றார்.

"நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லண்ணே" என்றார் நர்ஸ். "நாளைக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் சிறுநீர்ப்பை சுத்தமாகக் காலியாகியிருந்தது. டிரேயிலிருந்த புதுக் குழாய் பிரிக்கப்படாமல் அலமாரிக்குத் திரும்பியது. சாயங்காலம் டாக்டரம்மா வந்து, விஷயத்தை முழுதாகக் கேட்டு, பாதி நடையை மறந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே சிரித்தார்.

"சரி, சிரிச்சது போதும். நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே தண்ணி நிறையக் குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது, அப்பவே போயிடணும்."

"அப்பவே போறதுக்கு வண்டி நிக்கணுமே டாக்டரம்மா."

"நிறுத்துங்க. நீங்கதானே கண்டக்டர்? விசில் யார் வாயில இருக்கு?"

கண்டக்டரம்மாவுக்கு உடனே ஒரு பதில் வாயில் வந்தது. டைம்கீப்பர், மெமோ, பயணிகளின் முணுமுணுப்பு என்று அடுக்கலாம் என்று பார்த்தார். அடுக்கவில்லை. ஸ்கூல் பிள்ளைகளுக்காக விசில் அடித்திருக்கிறார். மூட்டை ஏற்றுகிறவர்களுக்காக அடித்திருக்கிறார். காற்றில் தொப்பி பறந்துபோன ஒரு மனிதருக்காகக்கூட வண்டியை நிறுத்தியிருக்கிறார். தனக்காக அடிக்கலாம் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. டாக்டரம்மா போய் வெகுநேரமாகியும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

லீவு முடிந்து டியூட்டியில் சேர்ந்த அன்று, பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துப் போனார். டிக்கெட் கொடுத்துக்கொண்டே குடித்தார். பாதித் தூரத்தில், பஸ் ஸ்டாண்டே இல்லாத இடத்தில், ஒரு பெட்ரோல் பங்க் வரும். புதிதாகக் கட்டியது. ஓரத்தில் சுத்தமான கழிப்பறைகள் உண்டு. பங்க் நெருங்கியதும் கண்டக்டரம்மா விசிலை வாயில் வைத்து ஊதினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இறங்குகிறவர் யாருமில்லை. இருந்தாலும் விசில் விசில்தான், ஓரம் கட்டினார்.

"ஒண்ணுக்குப் போறவங்க போயிட்டு வரலாம்" என்றார் கண்டக்டரம்மா. வெட்கத்தை மறைக்கக் குரலை உயர்த்தியதில் அது உத்தரவு போலக் கேட்டது. "வண்டி நிக்கும்."

யாரும் அசையவில்லை. பின் சீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து முனகினார். சரி, நாம் மட்டும் போவோம் என்று கண்டக்டரம்மா படியில் கால் வைத்தபோது, முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். தினமும் அதே வண்டியில் ஆபீஸ் போகிறவர். அவர் எழுந்ததும் பின்னால் இன்னொருவர். அப்புறம் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக. கைக்குழந்தைக்காரி குழந்தையைப் பக்கத்து சீட்டுக்காரரின் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். படியில் நெரிசல். கண்டக்டரம்மா எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒதுங்கி முடித்தபோது வண்டியின் பெண்கள் பக்கம் காலியாக இருந்தது, கழிப்பறை வாசலில் வரிசை நீண்டிருந்தது, அதன் கடைசி ஆள் அவர்தான்.

முன்னால் நின்ற ஆபீஸ் பெண் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவோ நாள் நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம்னு நினைச்சிருக்கேங்க. திட்டுவீங்களோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கலை."

கண்டக்டரம்மா யோசித்தார். "திட்டியிருப்பேன்" என்றார்.

வண்டியிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் சிலரும் இறங்கி அடுத்த பக்கம் போனார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனார். வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தது. காலையிலிருந்து குடித்த தண்ணீர் கண்டக்டரம்மாவுக்கு நன்றாகவே முட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். கடைசியில் பொறுக்க முடியாமல், கல்லூரிப் பெண்கள் கதை பேசிக்கொண்டு நின்ற முன்பக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாசல்லயே நிக்காதீங்கம்மா. உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இடமிருக்கு."